லாபத்துக்கு அடுத்தது ஒன்று

திருப்புலி நாடு, கொல்லிமலை
6.2.2000, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

கலைச்செல்வி எழுதிக்கொண்டது. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். இங்கே அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. மிளகு பறிக்க மரம் ஏறாதீர்கள் என்று உங்கள் அய்யனிடம் சொன்னால், "நான் ஏறாட்டி மொளகு தானா எறங்கி வருமா கண்ணு" என்கிறார். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது.

உங்கள் கடிதமும் ஜெராக்ஸ் கட்டும் வியாழக்கிழமை வந்தன. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று சொல்லி உங்களைப் பழைய கோபோல் மொழியில் மாடாய் உழைக்க வைத்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. இப்போது உங்கள் வேலைதான் நிற்கும்போல் இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் பத்தொன்பது பேரும் ஜாவா என்ற புது மொழியைக் கற்று ஏப்ரல் பத்தாம் தேதி தேர்வு எழுத வேண்டும், தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, நிரந்தரமானதும் வீடு பார்த்து உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அதை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் அடித்தீர்கள்? நமக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் பதினொரு மாதம் நீங்கள் பெங்களூரில், நான் இங்கே. அந்த வரி எனக்கும் சொந்தம். என்னைக் கேட்காமல் அதை நீங்கள் அடிக்க முடியாது.

ஆபீஸில் சந்தேகம் கேட்க வெட்கமாக இருக்கிறது, நீ இங்கிலீஷில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள், இந்தப் பக்கங்களின் அர்த்தத்தைத் தமிழில் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிக்கிற புத்தகம் உங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. நாலு பக்கத்துக்கு ஒரு தடவை, சி மொழி தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும் என்று எழுதியிருக்கிறான். தெரியாதவன் என்ன செய்வான், முட்டிக்கொள்வானா? அதை நீங்கள் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் வேறு செய்கிறீர்களாம். இருநூறாம் பக்கம் வந்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அய்யோ மாமா! அகராதியை மனப்பாடம் பண்ணிப் பேசக் கற்றுக்கொண்டவர் யாராவது உண்டா? போதாக்குறைக்கு, ஜெராக்ஸ் கடைக்காரர் ஐம்பத்தேழாம் பக்கத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டு ஐம்பத்தெட்டை விட்டுவிட்டார். நீங்களும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் விதை ஆபீஸில் அர்த்தனாரி சார்தான் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாமை, என்ன தினை இருக்கிறது என்று பேர் எழுதுகிற வேலைக்காக வைத்த கம்ப்யூட்டரில், நாலு மணிக்கு மேல் நான் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நாமக்கல் போனால் அவர் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார், அதோடு ஒரு சிடி ஓசியாக வரும். அந்தச் சிடிகளைத் தட்டுமுட்டுச் சாமான் மாதிரி அலமாரியில் போட்டு வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது சிடியில் ஜாவா முழுதாக இருக்கிறது! அதை உண்டாக்கினவர்களே எழுதிய விளக்கமும் இருக்கிறது. அதில் இரண்டு பகுதி. ஒன்று, எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிய பட்டியல். இன்னொன்று, ஒன்றும் தெரியாதவருக்குப் பாடம். அந்தப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே ஆறு வரியில் முழு புரோகிராம் இருக்கிறது, அப்படியே அடித்தால் ஓடுகிறது. நான் அடித்தேன், ஓடியது. பக்கத்தில் யாரும் இல்லையே என்று அலமாரியிடம் சிரித்தேன்.

ஆகவே புத்தகத்தை மூடி வையுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் திறங்கள். பாடத்தை நான் தமிழில் எழுதி வாராவாரம் அனுப்புகிறேன். தினமும் ஒரு புரோகிராமை அடித்து ஓட்டுங்கள். ஓடினால்தான் நம்ப வேண்டும், நான் எழுதினாலும் சரி.

அந்த வரியை அடிக்க விடாத,
கலைச்செல்வி


திருப்புலி நாடு
19.3.2000, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

கலை எழுதுவது. எல்லோரும் நலம். உங்கள் அய்யன் கடைசியில் மரத்திலிருந்து வழுக்கித்தான் விழுந்தார். பயப்பட வேண்டாம், நாலடி உயரம்தான், இடுப்பில் சிராய்ப்பு. கூடையில் இருந்த மிளகு ஒன்றுகூடச் சிந்தவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வாரச் சந்தையில் மூன்று பேர் என்னிடம் அதைச் சொன்னார்கள்.

நான் அனுப்பிய முதல் நான்கு கட்டும் கிடைத்ததாகவும், புரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். புரிகிறது என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு வேறு. உங்களோடு தங்கியிருக்கும் தமிழ்ப் பையன்கள் ஆறு பேரும் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்களாமே. எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "அவென் லீவுல வாரானா?" என்று கேட்டார்கள். இல்லைங்க அத்தை, அவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்றேன். "அதுக்கா இப்படிச் சிரிக்கறே" என்றார்கள்.

திட்டு அகராதி உங்களுக்கு ரொம்பப் பிடித்ததாக எழுதியிருந்தீர்கள். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். பாடத்தில் எல்லாம் சரியாகச் செய்தால் என்ன வரும் என்று மட்டும்தான் இருக்கிறது. நாம் எங்கே சரியாகச் செய்கிறோம்? நான் முதல் வாரம் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் இங்கிலீஷில் திட்டியதைப் பார்த்து அரை மணி நேரம் திருதிருவென்று விழித்தேன். அப்புறம் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஓடுகிற புரோகிராமை எடுத்து வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்தேன். அரைப்புள்ளியை எடுத்தேன், என்ன திட்டுகிறது என்று எழுதிக்கொண்டேன். பெரிய எழுத்து வரும் இடத்தில் சின்ன எழுத்துப் போட்டேன், அதற்கொரு திட்டு. கோப்புக்கு ஒரு பேர், உள்ளே இன்னொரு பேர் வைத்தேன், அதற்கு வேறு திட்டு. இப்படி முப்பத்தோரு திட்டு சேர்ந்திருக்கிறது. இந்தத் திட்டு வந்தால் இந்தத் தப்பு என்று எதிரெதிரே எழுதியிருக்கிறேன். அர்த்தனாரி சார் எட்டிப் பார்த்து, "நல்லா ஓடறதைக் கெடுக்கறதுக்காம்மா ஆபீஸ் கரண்ட்டு" என்று கேட்டார். கெடுத்துப் பார்த்தால்தான் சார் சரி பண்ணத் தெரியும் என்றேன். இப்போது அவரே வந்து, "இன்னைக்கு எத்தனை திட்டு" என்று விசாரிக்கிறார்.

இப்போது எனக்கு எந்த விளக்கம் நல்லது, எது உதவாது என்று ஒரு பக்கம் படித்தாலே தெரிகிறது. உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். புதுப் புத்தகம் கையில் கிடைத்தால் தெரியாததைத் தேடாதீர்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து அதில் எப்படி எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். உங்களுக்குக் கோபோலில் தெரிந்ததே ஏராளம். தெரிந்ததையே அவன் குழப்பியிருந்தால், தெரியாததை எங்கே விளக்கப் போகிறான்? கடைக்காரர் அடித்துச் சொன்னாலும் அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள்.

இத்துடன் ஐந்தாவது கட்டை வைத்திருக்கிறேன், வரிசைகளைப் பற்றியது. தேர்வில் இதிலிருந்து கேள்வி கட்டாயம் வரும் என்று நீங்கள் எழுதியதால் கவனமாக எழுதியிருக்கிறேன். மூன்று ஊர்ப் பேரை ஒரு வரிசையில் வைத்தால், முதல் ஊருக்கு எண் ஒன்று இல்லை, பூஜ்யம். இது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நம் களத்தில் வள்ளத்தால் தானியம் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்கிறோமா? லாபம் என்றுதானே எண்ண ஆரம்பிக்கிறோம். அதுதான் இது. லாபம் என்று சொல்லும் இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள், நம் ஊர்க்காரருக்கு மறக்கவே மறக்காது. இந்த உதாரணம் தோன்றியதும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தேர்வு காகிதத்தில்தான், கம்ப்யூட்டர் கிடையாது என்று சொன்னீர்கள். அதனால் எழுதி எழுதிப் பாருங்கள். இன்னும் இருபத்திரண்டு நாள். நீங்கள் தேறுவீர்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள்,
கலை


காளப்பநாயக்கன்பட்டி
29.3.2000, புதன், பிற்பகல்

மாமா,

அவசரம். மற்றதெல்லாம் அப்புறம். ஐந்தாவது கட்டில் நான் எழுதிய உதாரணம் தப்பு. வரிசை பற்றிய முதல் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். ஜெராக்ஸ் எடுத்த ஆறு பேரிடமும் சொல்லுங்கள்.

காலையில் குப்புசாமி அண்ணன் விதைக்குச் சாமை வாங்க வந்திருந்தார். உங்கள் அய்யன் வள்ளத்தை எடுத்து அளந்து போட்டார். "லாபம்... ரெண்டு... மூணு..." நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டேன். அய்யன் அளப்பதை நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, பாம்பா?" என்று ஓடி வந்தார். பாம்பாக இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

புரிகிறதா மாமா? நம் எண்ணிக்கையில் லாபத்துக்கு அடுத்தது இரண்டு. ஒன்று என்பதையே நாம் சொல்வதில்லை, அந்த ஒன்றின் இடத்தில்தான் லாபம் உட்கார்ந்திருக்கிறது. ஜாவாவில் அப்படி இல்லை. பூஜ்யம், ஒன்று, இரண்டு. மூன்று ஊர் இருந்தால் கடைசி ஊரின் எண் இரண்டுதான். நீங்கள் பிறந்ததிலிருந்து களத்தில் நின்று அளந்தவர். என் பேச்சைக் கேட்டு, லாபத்துக்குப் பூஜ்யம் போட்டு, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று என்று எழுதினீர்களானால், நடு ஊர் விட்டுப்போகும், இல்லாத ஊரைத் தேடும். கம்ப்யூட்டராக இருந்தால் உடனே திட்டிவிடும். காகிதம் திட்டாது. மார்க் போடுகிறவர்தான் சிவப்பில் கோடு போடுவார்.

மெட்ராஸ்காரன் படித்திருந்தால் இந்தத் தப்பு நேராது. நம்மைப் போலக் களத்தில் நின்று வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் நேரும், அதைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறேன் பாருங்கள். முதுகைத் தட்டிக்கொண்டேன் என்று வேறு எழுதினேன். அந்தக் கையை உடைக்க வேண்டும். எழுதியதும் கம்ப்யூட்டரில் சரியான எண்களைப் போட்டு ஓட்டிவிட்டேன், ஓடியது. உதாரணத்தைப் படிக்கிறவர் எப்படிப் படிப்பார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மலைமேல் செம்மேட்டில் டெலிபோன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. பஸ் பிடித்து, எழுபது வளைவும் இறங்கி, இங்கே எஸ்.டி.டி. கடைக்கு வந்து உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. நீங்கள் வேறு கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னாள். லாபம் தப்பு, லாபத்துக்கு அடுத்தது ஒன்று, இதை மட்டும் சதீஷ்குமாரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "ஷேர் மார்க்கெட்டா மேடம்?" என்று கேட்டாள். அவள் சொல்வாளோ மாட்டாளோ என்று நம்பிக்கை இல்லாமல், கடைக்காரரிடம் பேனா வாங்கி இதை எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

கையில் கிடைத்த அன்றே சரியாக நான்கு தடவை எழுதிப் பாருங்கள். என்னால் உங்கள் வேலை போனால் நான் என்னை மன்னிக்க மாட்டேன். அழுகை வருகிறது, பஸ்ஸும் வருகிறது.

கலை


திருப்புலி நாடு
30.4.2000, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

கலைச்செல்வி எழுதுவது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரர் ராசு அண்ணன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தாரோ என்னவோ தெரியாது, ஆனால் முகமெல்லாம் பல்.

பத்தொன்பது பேரில் பதினொரு பேர் தேறியதும், அதில் உங்கள் பேர் மூன்றாவதாக இருந்ததும் படித்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை என்னவோ ஏதோ என்று பதறிப்போய், விஷயம் தெரிந்ததும் என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அய்யன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனார். போனவர் மத்தியானம்தான் திரும்பினார். ஒரு வீடு பாக்கி இருந்திருக்காது.

அந்த உதாரணத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கட்டு வந்த அன்று மாலையே அதை அடித்து ஓட்டினீர்களாம், அது திட்டியதாம், திட்டு அகராதியில் இருபத்து மூன்றாவது திட்டைப் பார்த்து எங்கே தப்பு என்று பிடித்துவிட்டீர்களாம். "கலையும் நம்ம அய்யன் மாதிரியே அளந்துட்டா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஆறு பேரின் நோட்டிலும் நீங்களே சிவப்பு மையில் திருத்தினீர்களாம். நான் எழுபது வளைவு இறங்கி அழுதது வீண்தான். ஆனாலும் மாமா, நீங்கள் தேறியதைவிட எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம். நான் சொன்னதை நம்பாமல் ஓட்டிப் பார்த்தீர்கள் பாருங்கள், அங்கேயே நீங்கள் தேறிவிட்டீர்கள். போன் எடுத்த பெண் மூன்று நாள் கழித்து வந்து, உங்கள் மனைவிக்கு ஷேரில் நஷ்டமாம் என்று துக்கம் விசாரித்ததைப் படித்துப் படித்துச் சிரிக்கிறேன்.

வீடு பார்த்துவிட்டேன், மே மாதம் பதினைந்துக்குள் வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் அடித்தல் திருத்தல் இல்லை. படித்ததும் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அதற்கு அடுத்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. "இனி உனக்கு இந்த ஜாவாத் தொல்லை இல்லை. கையும் கண்ணும் நோக எழுதினாய். வந்து நிம்மதியாக இரு" என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? என்றைக்காவது நான் அலுத்துக்கொண்டேனா? நீங்கள் பாசத்தில்தான் எழுதினீர்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் வந்தது, ராத்திரி சாப்பிடவில்லை.

உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. தேர்வு முடிந்த பிறகும் நான் நாலு மணிக்கு மேல் உட்காருவதை விடவில்லை. விதை ஆபீஸுக்காக நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். தானியத்தின் பேரை அடித்தால் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறது என்று காட்டும். போன வாரம் தேவனூர் நாட்டிலிருந்து அத்தாயி என்று ஒரு அம்மா வந்து, அவங்க மாமியார் காலத்தில் போட்ட கறுப்புச் சாமை எங்கேயும் கிடைக்கவில்லை என்றார்கள். நான் அடித்தேன். மூன்று வீடு வந்தது. அதில் ஒன்று அந்த அம்மாவின் அண்ணன் வீடு! "அட, அந்தப் படுபாவி எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்று திட்டிக்கொண்டே போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அர்த்தனாரி சார் அதைப் பற்றி மேலாபீஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், என் பேரைப் போட்டு.

பேர் என்றதும் இன்னொன்று. அந்தக் குறிப்பெல்லாம் எழுதியது யார் என்று கூட இருந்தவர்கள் கேட்டபோது, ஊரில் ஒருத்தர் என்று சொல்லிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒளிக்காமல் எழுதினீர்கள், அந்த மட்டில் சந்தோஷம். சொல்லக் கூச்சமாக இருந்ததாக்கும். ஆனால் அந்த ஒருத்தருக்குப் பேர் இருக்கிறது மாமா. கடிதம் கிடைத்ததுமே ஆறு பேரிடமும் சொல்லிவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பான உதாரணம் எழுதினவள் என்றும் சேர்த்தே சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

ஜூன் மாதம் புதிதாகப் பன்னிரண்டு பேரைப் பயிற்சிக்கு எடுக்கப் போகிறார்கள், கணக்குப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யாருக்காக எழுதினீர்களோ எனக்குத் தெரியாது. நான் எனக்காக என்று எடுத்துக்கொண்டேன். விண்ணப்பம் ஒன்று வாங்கி வையுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் அந்தப் போன் பெண்ணிடம் வாங்குங்கள், என்னை அவளுக்குத் தெரியும்.

அத்தையிடம் கேட்டுவிட்டேன். "நீ போ கண்ணு. இங்க இருந்து என் முழங்காலையா பாத்துட்டு இருப்பே" என்று சொல்லிவிட்டார்கள். அறுவடைக்கு நாம் இரண்டு பேரும் வர வேண்டுமாம், அது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை. நான் பதினான்காம் தேதி ராத்திரி பஸ்ஸில் சேலத்திலிருந்து ஏறுகிறேன். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லது தொடர்ந்து நடக்கும், என் மனசு சொல்கிறது.

புது வீட்டுக்கு வாங்கிய சாமானையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு, தலையணை இரண்டு, மேஜை ஒன்று, நாற்காலி ஒன்று. நான் வருவதற்குள் இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

உங்கள்,
கலைச்செல்வி